வீட்டு மின்கட்டணத்தையும் வெப்பச் செலவையும் குறைக்க முழுமையான வழிகாட்டி: எதை முதலில், எதைக் கடைசியில்

பில் எகிறியதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது. இரண்டாவது வேலை புது ஹீட்டர் வாங்குவது. சும்மா செருகியிருக்கும் இன்றைய சார்ஜர் அரை வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் நாலரை யூனிட் தேறாது. புது ஹீட்டரோ, கதவிடுக்கு வழியாக ஓடிவிடும் சூட்டை இன்னும் கொஞ்சம் வேகமாக உண்டாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

என் வீட்டில் இதைச் செய்து பார்த்தபோதும், பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் கூடவே இருந்து செய்தபோதும் ஒன்று தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரிகிறது. தடுமாறுவது வரிசையில். அளப்பது, அடைப்பது, கட்டுப்படுத்துவது, அதற்குப் பிறகே வாங்குவது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

கடந்த 12 மாத பில்கள், ஒரு நோட்டு, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச், ஈரப்பதமும் காட்டும் மலிவான தெர்மாமீட்டர் இரண்டு, ஒரு வாளி, அளவுக் குவளை, ஊதுபத்தி. பிளக்கில் மாட்டி வாட் பார்க்கும் சிறு மீட்டர் கிடைத்தால் நல்லது. இரவல் வாங்கினாலே போதும்.

வீட்டில் கேஸ், விறகு, எண்ணெய் என எதையாவது எரித்துச் சூடாக்குகிறீர்கள் என்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமில்லாத நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் கட்டாயம் வேண்டும். மூன்றாவது படியில் இடுக்குகளை அடைக்கப் போகிறோம். அலாரம் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

வாடகை வீடு என்றால் நான்காவது, ஒன்பதாவது படிகளுக்கு வீட்டுக்காரரின் சம்மதம் தேவைப்படும். மற்றவற்றை நீங்களே செய்துகொள்ளலாம்.

1. பில்லில் பணத்தைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

பணத் தொகையில் நிலையான கட்டணம், வரி, பழைய பாக்கி, விலையேற்றம் எல்லாம் கலந்திருக்கும். நீங்கள் செய்யும் வேலை யூனிட்டைத்தான் குறைக்கும். ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. இயற்கை எரிவாயு பில்லில் கன மீட்டர் போட்டிருந்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான பெருக்கு எண் பெரும்பாலும் பில்லிலேயே இருக்கும்.

அடுத்து, அந்த அளவு மீட்டரைப் படித்து எடுத்ததா, மதிப்பீடாகப் போட்டதா என்று பாருங்கள். மதிப்பீட்டுப் பில்லை வைத்துச் செய்யும் கணக்கு முழுக்க வீண். இன்றைக்கே மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 12 மாத யூனிட்டையும் வரிசையாக எழுதுங்கள். ஹீட்டரும் வேண்டாம், ஏசியும் வேண்டாம் என்கிற மாதம் ஒன்று இருக்கும். அதுதான் உங்கள் அடிப்படைச் செலவு. அதை 12-ஆல் பெருக்கி வருட மொத்தத்திலிருந்து கழித்தால், மிஞ்சுவது சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆன செலவு. அடிப்படை மாதம் 250 யூனிட், வருட மொத்தம் 7200 யூனிட் என்றால், 3000 போக 4200 யூனிட் பருவத்துக்கான செலவு, பாதிக்கு மேல். அந்த வீட்டில் முதல் கவனம் 3, 4, 5 படிகளுக்குப் போக வேண்டும். பருவச் செலவு கால்வாசிதான் என்றால் 2, 6, 7 படிகளில்தான் பணம் இருக்கிறது.

இங்கே பலரும் செய்யும் தவறு, இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது. போன வருடம் இதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும்கூட முழுதாகச் சரியில்லை. ஏன் என்பதைக் கடைசிப் படியில் பார்க்கலாம்.

2. எல்லோரும் தூங்கிய பிறகு மீட்டர் முன் நில்லுங்கள்

தூங்கப் போகும்போது எதையெல்லாம் அணைப்பீர்களோ அதையெல்லாம் அணைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடட்டும். இப்போதும் மீட்டர் இழுக்கிறதே, அது 24 மணி நேரமும் ஓடும் சுமை. 100 வாட் ஓயாமல் ஓடினால் வருடத்துக்கு 876 யூனிட்.

மின்னணு மீட்டரில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1000 என்றால் கணக்கு சுலபம்: இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை நொடி என்று பார்த்து, 3600-ஐ அதனால் வகுங்கள். 36 நொடி என்றால் 100 வாட். அச்சிட்ட எண் வேறாக இருந்தால், வந்த விடையை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் இதை இருட்டிய பிறகே செய்யுங்கள்.

ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும் என்பதால் ஒரே தடவை அளந்து முடிவுக்கு வராதீர்கள். அது உறுமும்போது ஒரு அளவு, அடங்கியபின் ஒரு அளவு.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் அடங்கியிருந்த நேரத்திலும் விளக்கு 19 நொடிக்கு ஒரு முறை சிமிட்டியது. அதாவது 190 வாட். பெட்டியில் ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் சிமிட்டலை எண்ணினேன். குளியலறைப் பிரேக்கரை இறக்கியதும் இடைவெளி சட்டென்று நீண்டது. கதவுக்குப் பின்னால் துண்டு உலர்த்தும் கம்பி. தொட்டால் லேசான சூடு. கோடையிலும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 60 வாட், வருடத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல். சார்ஜர்களைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தவன் நான்தான்.

பிரேக்கரை இறக்கும் முன் கணினிகளை முறையாக அணைத்துவிடுங்கள். மருத்துவக் கருவி எதுவும் ஓடும் இணைப்பைத் தொடவே வேண்டாம். முடிந்ததும் ஃப்ரிட்ஜ் பிரேக்கரை மேலே ஏற்றிவிட்டோமா என்று இரண்டு முறை பாருங்கள்.

3. காற்றுக் கசிவை அடையுங்கள்

அறையின் வெப்பநிலையை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் இது. கசியும் வீட்டில் வெப்பநிலையைக் குறைத்தால் குளிரில் நடுங்கி, இரண்டே நாளில் பழையபடி ஏற்றிவிடுவீர்கள். இடுக்குக் காற்று நின்றால் அதே வெப்பநிலை கதகதப்பாகத் தோன்றும்.

சூடான காற்று மேலே ஏறி, கூரைப் பக்க இடுக்கு வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பக்க இடுக்குகளிலிருந்து குளிர்காற்று உள்ளே வரும். காலில் படும் குளிரைத்தான் உணர்கிறோம் என்பதால் கீழே மட்டும் அடைக்கிறோம். பரணுக்கு ஏறும் மூடி, மேல்தளக் குழாய்த் துளைகள் இவற்றையும் அடைத்தால்தான் இழுப்பு நிற்கும்.

காற்று வீசும் குளிர்நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல்களை மூடி, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். இடுக்குகள் வழியாகக் காற்று பலமாக உள்ளே வரும். கணப்படுப்போ கேஸ் ஹீட்டரோ எரியும்போது மட்டும் இதைச் செய்யக் கூடாது, புகை வீட்டுக்குள் திரும்பிவிடும். ஊதுபத்தியை ஜன்னல் சட்டம், கதவின் அடிப்பக்கம், சிங்குக்கு அடியில் குழாய் நுழையும் துளை, வெளிச்சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டி, தரையும் சுவரும் சேரும் ஓரம் என்று மெல்ல நகர்த்துங்கள். நேராக ஏறும் புகை எங்கே படுத்துக்கொள்கிறதோ அங்கே பென்சிலால் குறி. திரைச்சீலைப் பக்கம் கவனமாக இருங்கள்.

கதவு, ஜன்னலுக்கு இன்னொரு சோதனை: ஒரு காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டையின் ஆயுள் முடிந்தது.

திறந்து மூடும் இடத்துக்கு ஃபோம் அல்லது ரப்பர் பட்டை, கதவின் அடிக்கு பிரஷ் பட்டை, அசையாத பிளவுக்கு சீலன்ட் என்னும் அடைப்புப் பசை. ஒட்டும் இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய பட்டை ஒரு வாரத்தில் தொங்கும். தடிமனான பட்டைதான் நல்லது என்று நினைத்து வாங்கிவிட்டு, கதவு தாழ்ப்பாள் விழாமல் தவித்தவர்கள் நிறையப் பேர்.

எதை அடைக்கக் கூடாது என்பதும் முக்கியம். கேஸ் கருவிகளுக்காக விட்ட காற்றுத்துளை, எக்ஸாஸ்ட் வழி, ஜன்னல் சட்டத்தின் அடியில் மழைநீர் வடிய விட்ட சிறு துளைகள், இவை மூன்றையும் தொடாதீர்கள்.

அடைத்த பிறகு வீட்டுக்குள் ஈரம் தங்க வாய்ப்புண்டு. ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். ஏறினால் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம் காற்றோட விட்டு மூடுங்கள். காற்று மாறிவிடும், சுவரின் சூடு அப்படியே இருக்கும். நாள் முழுக்க ஜன்னலை ஒருக்களித்து வைத்தால் சுவரே குளிர்ந்து, அந்த மூலையில் பூஞ்சை பிடிக்கும்.

4. மேலே போர்த்துங்கள்

இன்சுலேஷனில், அதாவது சூடு வெளியேறாமல் போர்த்துவதில், கூரைப் பக்கம்தான் முதலில். குறைந்த செலவு, சுலபமாக எட்டும் இடம். பஞ்சுப் பாளங்களை அமுக்கித் திணிக்காதீர்கள். சூட்டைத் தடுப்பது அதற்குள் அகப்பட்ட காற்று. அமுக்கினால் அது போய்விடும். கூரை ஓரத்துக் காற்றோட்ட வழியை மூடாதீர்கள், கூரைக்குள் பதித்த விளக்குகள் மேல் நேரடியாகப் போர்த்தாதீர்கள். கூரை ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நனைந்த பஞ்சால் பயனில்லை.

வாடகை வீட்டில் முடிந்தது கனமான திரைச்சீலை. அது ரேடியேட்டரின் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) முன்னால் தொங்கினால் மொத்தச் சூடும் ஜன்னல் கண்ணாடிக்குத்தான் போகும். ஜன்னல் திண்டோடு நிற்கும்படி வெட்டித் தைத்துவிடுங்கள்.

5. சூட்டைக் கட்டுப்படுத்துங்கள்

வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 5 டிகிரி, உள்ளே 21 டிகிரி என்றால் வித்தியாசம் 16. உள்ளே 20 ஆக்கினால் 15. பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 சதவீதம், அந்த ஒரு டிகிரியில் மிச்சம். ஒரேயடியாக மூன்று டிகிரி குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்கு ஒரு டிகிரி இறக்கிப் பாருங்கள். யாராவது குளிர்கிறது என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். 18-க்குக் கீழே போக வேண்டாம். குளிர்ப் பிரதேச வீடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு அது. கைக்குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ இருந்தால் அதற்கும் மேலேயே வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 28-க்குத் திருகினால் வீடு சீக்கிரம் சூடாகாது. சாதாரண ஆன்-ஆஃப் ஹீட்டர் ஒரே வேகத்தில்தான் ஓடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும், அவ்வளவுதான்.

"இரவில் குறைத்துவிட்டுக் காலையில் மறுபடி சூடாக்கினால் அதிகம் செலவாகுமே?" என்று கேட்காத ஆளில்லை. அடியில் ஓட்டையுள்ள வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் உயர உயர வேகமாக ஒழுகும், தாழ்ந்திருந்தால் மெதுவாக ஒழுகும். இரவெல்லாம் மட்டத்தைத் தாழ்த்தி வைத்தால் ஒழுகியது குறைவு. காலையில் நிரப்ப வேண்டியதும் அந்தக் குறைவான அளவே. வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் உள்ள வீடு மட்டும் விதிவிலக்கு. அதிகம் இறக்கினால் காலையில் அவசரத்துக்குத் துணை மின் ஹீட்டர் ஓடத் தொடங்கி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். அங்கே ஓரிரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். தரைக்கடியில் சூடாக்கும் வீடுகளும் மெதுவாகத்தான் ஏறி இறங்கும், ஆகவே அதே அளவு போதும்.

ரேடியேட்டர் வால்வில் உள்ள எண்கள் அந்த அறைக்கு வேண்டிய வெப்பநிலையைக் குறிப்பவை. சூடு வரும் வேகத்தை அல்ல. 5-இல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் அது ஓயவே ஓயாது. சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஆள் புழங்காத அறையில் குறைவாக வைத்துக் கதவை மூடுங்கள். முழுக்க அணைத்தால் ஈரமும் பூஞ்சையும் வரும்.

ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டரின் காற்றுத் திருகைச் சாவியால் கால் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் சொட்டியதும் மூடுங்கள். பிறகு பாய்லரின் (ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) அழுத்தமானியைப் பார்க்க மறப்பதுதான் வழக்கமான தவறு. மூடிய சுற்று அமைப்பில் குளிர்ந்த நிலையில் அது பொதுவாக 1-லிருந்து 1.5 பார் வரை இருக்க வேண்டும்.

கண்டென்ஸிங் வகை கேஸ் பாய்லர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டையும் பிடிப்பதுதான் அதன் சிறப்பு. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். பல வீடுகளில் பொருத்தியவர் பாய்லரிலிருந்து போகும் தண்ணீரை 75, 80 டிகிரி என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழை 60-க்கு இறக்கிப் பாருங்கள். வீடு சூடாக நேரம் கூடும், ஆனால் சூடாகும். குழாய் படம் போட்ட குமிழ் வேறு, அது குழாயில் வரும் சுடுநீருக்கு. சுடுநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது, லெஜியனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும்.

மின்சார ஹீட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் நிரப்பியது, ஃபேன் வைத்தது, பீங்கான் தகடு எதுவானாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடுதான் வரும். "குறைந்த மின்சாரத்தில் இரட்டைச் சூடு" என்ற விளம்பரத்தைக் கண்டால் பக்கத்தைத் திருப்புங்கள். ஹீட் பம்ப் மட்டுமே வெளியிலிருந்து சூட்டை இழுத்துவருவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குத் தரும். வெளியே கடுங்குளிர் என்றால் குறையும். சுவரில் உள்ள ஏசியின் ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது ஹீட் பம்ப்தான். அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் 2000 வாட் ஹீட்டரை ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. சுடுநீரை அளந்து குறையுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி வேண்டும். ஷவருக்கு அடியில் வாளியை வைத்து ஒரு நிமிடம் விட்டு, எத்தனை லிட்டர் என்று குவளையால் அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர், 8 நிமிடக் குளியல், 10 டிகிரி தண்ணீரை 40 ஆக்குகிறோம் என்றால் ஒரு குளியலுக்குச் சுமார் 2.8 யூனிட். 7 லிட்டர் ஷவர் முகப்பு மாட்டி 6 நிமிடத்தில் முடித்தால் 1.5 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நாலு பேர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் வருடத்துக்கு 1900 யூனிட் அளவுக்குப் போகும். விளக்கை அணை, விளக்கை அணை என்று வருடமெல்லாம் கத்தினாலும் இது கிடைக்காது.

தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் சிறு மின்சார ஷவரில் நீரளவு ஏற்கெனவே குறைவு. அங்கே முகப்பை மாற்றாதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். தொட்டி இருந்தால் அதற்கும், அதிலிருந்து வெளிவரும் முதல் சில அடிக் குழாய்க்கும் உறை போடுங்கள்.

7. கருவிகள்

ஃப்ரிட்ஜ் 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. அதற்குக் கீழே வைப்பது வீண். ரப்பர் விளிம்புக்கு அதே காகிதச் சோதனை. பின்பக்கம் தூசி தட்டி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வாஷிங் மெஷினில் பெரும் செலவு தண்ணீரைச் சூடாக்குவதில்தான்; அழுக்கு அதிகமில்லாத துணிக்கு 30 டிகிரி போதும். ட்ரையர் வைத்திருப்பவர்கள் சுழற்சி வேகத்தை ஏற்றுங்கள். சுற்றிப் பிழிந்து எடுக்கும் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம், அதே தண்ணீரைச் சூட்டால் ஆவியாக்குவதற்கு முன் ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் கொடியில் காயப்போட்டால் அந்த ஈரமெல்லாம் காற்றில்தான் சேரும். மூன்றாவது படியில் சொன்ன காற்றோட்டத்தை மறக்காதீர்கள்.

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 8, 9 வாட் எல்ஈடி தரும். அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுங்கள், பரண் விளக்கை அல்ல.

8. கட்டணத் திட்டத்தை இப்போது பாருங்கள்

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டம் லாபமா என்பது உங்கள் பயன்பாடு எந்த நேரத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. முந்தைய படிகளில் அதுவே மாறியிருக்கும். அதனால்தான் இதை முதலில் வைக்கவில்லை. தொட்டிச் சுடுநீர், துணி துவைப்பது, வண்டி சார்ஜ் இவற்றை மலிவான நேரத்துக்கு நகர்த்த முடியும் என்றால் மாறுங்கள். ட்ரையரை மட்டும் ஆள் விழித்திருக்கும்போதே ஓட்டுங்கள்.

9. பெரிய செலவுகள்

ஜன்னல் மாற்றுவது, ஹீட் பம்ப், சூரியத் தகடு எல்லாம் இங்கேதான் வர வேண்டும். கசியும் வீட்டுக்கு அளவெடுத்து வாங்கிய ஹீட்டர், அடைத்த பிறகு அளவுக்கு மீறியதாகிவிடும். பெரிய கருவி அடிக்கடி ஓடி நின்று, செலவையும் கூட்டும், ஆயுளையும் குறைக்கும்.

விலை கேட்கும்போது, அறைவாரியாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். பழைய பாய்லரின் தகட்டைப் பார்த்து அதே அளவில் ஒன்று மாட்டுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். வருடத்துக்கு எத்தனை யூனிட் குறையும் என்பதை யூனிட் விலையால் பெருக்கி, செலவை அதால் வகுத்தால் எத்தனை வருடத்தில் பணம் திரும்பும் என்று தெரியும். ஜன்னலுக்கு அந்த எண் பெரும்பாலும் திகைக்க வைக்கும்.

10. உண்மையிலேயே குறைந்ததா?

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் மீட்டரைப் படியுங்கள். அந்த வாரம் ஒவ்வொரு நாளும் வெளியே இருந்த சராசரி வெப்பநிலையை 18-இலிருந்து கழித்து, ஏழு நாளையும் கூட்டுங்கள். சூடாக்க ஆன யூனிட்டை, அதாவது அடிப்படைச் செலவைக் கழித்தபின் வந்ததை, அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

தினசரி சராசரி 6 டிகிரியாக இருந்த வாரத்தில் கூட்டுத்தொகை 84. 420 யூனிட் ஆனது என்றால் விடை 5. இடுக்குகளை அடைத்த பிறகு, 2 டிகிரியாக இருந்த வாரத்தில் கூட்டுத்தொகை 112. 504 யூனிட் ஆனால் விடை 4.5. யூனிட் ஏறியிருக்கிறது, ஆனாலும் வீடு 10 சதவீதம் தேறியிருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் பில்லை மட்டும் பார்த்து, "எல்லாம் செய்தும் ஏறிவிட்டதே" என்று பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

வாரங்கள் கடந்தும் அந்த எண் அசையவில்லை என்றால் ஊதுபத்தியோடு மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். எண் குறைந்திருக்கிறது, ஆனால் அடிப்படைச் செலவு மட்டும் ஏறியிருக்கிறது என்றால் மறுபடி இரவில் மீட்டர் முன் போய் நில்லுங்கள். எங்கள் வீட்டில் அடுத்த குளிர்காலத்தில் அதுதான் நடந்தது: துண்டுக் கம்பியை யாரோ மறுபடி போட்டுவிட்டிருந்தார்கள்.